ஓரம் மறைந்த பைகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்று மணலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தோல்பைக் கம்பெனியில், அஞ்சுகம் ஓரம் முடித்துக் கொக்கியில் மாட்டிய தோள்பை ஒன்று, தன்மேல் வந்து உட்கார்ந்த ஈயைத் தோலைச் சிலிர்த்து விரட்டியது.

எருமை விரட்டுமே, அப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சுருங்கி விரிய, ஈ பறந்து ஒரு வட்டம் போட்டு மறுபடி வந்து உட்கார, மறுபடியும் தோல் சுருங்கியது. அடுத்த மேசையில் பசை தடவிக்கொண்டிருந்த தவுலத் பீதான் முதலில் பார்த்தாள்.

"அஞ்சு, உன் பை ஈ ஓட்டுதுமே."

"ஓட்டட்டும்க்கா. நமக்குத்தான் கை ஒழியல, அதுவாவது ஓட்டட்டும்."

"அதில்லமே. உயிரோட இருக்குதுன்றேன்."

அஞ்சுகம் சாயக் கிண்ணத்தை மூடிவிட்டு வந்து பையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. "ஆமாக்கா, மூச்சு விடுது. புழுக்கம் போல, ஜன்னல் பக்கம் மாத்திடறேன்" என்று சொல்லி, சொன்னபடியே மாற்றி மாட்டிவிட்டு, அடுத்த பையைக் கையில் எடுத்தாள்.

இங்கே ஓரம் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பை வாங்குகிறவர்கள் தோலைப் பார்ப்பார்கள், ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள், உள்ளே எத்தனை அறை என்று எண்ணுவார்கள், ஓரத்தை மட்டும் பார்க்கவே மாட்டார்கள். பார்க்கத் தோன்றாதபடி செய்வதுதான் அந்த வேலை என்பதால், அந்த வேலையைச் செய்கிறவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. பவுனம்மா வெட்டித் தருவாள்: வெளியே எருமை, நடுவே செம்மறி, உள்ளே வெள்ளாடு. தவுலத் பீ மூன்றையும் ஒட்டுவாள். தையல் முடிந்து வருகிற பையின் ஓரம் மூன்று வரியாகப் பிளந்துகொண்டு நிற்கும். அதை அஞ்சுகம் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி, பசை தொட்டு, கட்டையால் பளபளக்க அழுத்தி, சாயம் பூசி, காயவைத்து, மறுபடி உப்புத்தாள், மறுபடி சாயம் என்று நான்கு சுற்று வந்தால், விரலை ஓட்டிப் பார்க்கிற எவராலும் அங்கே மூன்று தோல் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஓர் இடம் மட்டும் பாக்கி இருக்கும். சாயம் பூசத் தொடங்கிய இடமும் முடித்த இடமும் சந்திக்கிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு. எந்தக் கம்பெனியிலும் அதைப் பையின் அடிமூலையில் ஒளித்து வைப்பார்கள், அஞ்சுகமும் பதினோரு வருடமாக அப்படித்தான் ஒளித்துவந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கரண்ட் போய், மின்விசிறி நின்று, சாயம் காய நேரமானதால், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்த மேட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்துத் தேய்த்து, தான் எங்கே தொடங்கினோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய், விரலுக்கும் தெரியாமல் போனபோதுதான் கரண்ட் வந்தது.

அதற்கும் பை மூச்சு விடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று சாப்பாட்டு நேரத்தில் பவுனம்மா கேட்டாள்.

"உயிரோட இருக்கற எந்த மாட்டுக்காவது தோலுக்கு ஓரம் இருக்குதாக்கா? தொட்டுகினே போனா சுத்திகினே போவுது. வெட்டுன பொறவுதான ஓரம்? தான் செத்துட்டோம்னு தோலுக்குத் தெரியறதே அந்த ஓரத்த வெச்சுதான். அதையும் நான் மூடிட்டேன். இனிமே யார் போய் அதுக்குச் சொல்றது?"

அந்தப் பேச்சில் யாருக்கும் பிசகு தெரியவில்லை. பவுனம்மா மட்டும் மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி, "அப்போ நான் வெட்டுனத நீ இல்லன்னு ஆக்கிட்ட" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

அஞ்சுகத்துக்கு அது உயிரோடிருக்கிற பை என்பதைவிட நாற்பத்தோராவது பை என்பதுதான் பெரிதாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் மஞ்சளாகிப்போன ஒரு தாள் உண்டு: ஒரே கையால் ஓரம் முடித்த நூறு பைகள், வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புகிற செக்கர் குறை கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஒன்றுகூட இல்லாமல் தேறினால், அந்தக் கை நிரந்தரம். நிரந்தரம் என்றால் காலை ஏழரைக்குக் கேட்டில் நின்று, "இன்னைக்கு ஆள் வேணுமா சார்" என்று கேட்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் கேட்டவளுக்குத்தான் தெரியும் அந்த ஒரு வாக்கியத்தின் கனம். முன்பு இரண்டு தடவை முயன்று, ஒரு தடவை அறுபத்து மூன்றிலும், ஒரு தடவை தொண்ணூற்றேழிலும் அம்பு விழுந்தது. தொண்ணூற்றேழாவதின் அம்பு பையின் கொக்கியில் இருந்த கீறலுக்கு. ஆனாலும் பையின் சீட்டில் கடைசிக் கையின் பெயரைத்தான் எழுதுவார்கள் என்பதால், விழுந்தது அஞ்சுகத்தின் தலையில்.

மூன்றாவது தடவையில் நாற்பதைத் தாண்டியாயிற்று. நாற்பத்தொன்றிலிருந்து ஒவ்வொரு பையும் அவள் கை விட்ட நொடியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு பை. பத்தே நாளில் ஜன்னலோரக் கம்பியில் அறுபது பைகள், காற்று வந்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்தும், மழை வந்தால் மொத்தமும் புல்லரித்தும், நாலு மணிக்குத் தீவனப்புல் வண்டி ரோட்டில் போகும்போது வாரெல்லாம் விறைக்க அந்தப் பக்கம் திரும்பியும் தொங்கின.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால், ஊரைப் பற்றி அறியாதவர்கள்தான் ஆச்சரியப்படுவார்கள். பேக்கிங் பெண்கள் பைக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போட மறுத்தார்கள். "தண்ணி தவிக்கும் சார், பாவம்" என்றார்கள். அட்டைப்பெட்டியை டேப் போட்டு ஒட்டும் முன் தையல் ஊசியால் ஆளுக்குப் பத்துத் துளை போட்டார்கள். வாட்ச்மேன் பகல் பதினொரு மணிக்குப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, நிழல் நகர நகர அவற்றையும் நகர்த்தினான். டீக்கடையில் இரண்டு நாள் பெரிய விவாதம்: வெளியே எருமை, உள்ளே ஆடு என்றால் இதை எருமையாக வைத்துக்கொள்வதா, ஆடாகவா? பள்ளிவாசலுக்கு வருகிறவர்களிடமும் சர்ச்சுக்கு வருகிறவர்களிடமும் கேட்டார்கள். பைக்கு நோன்பும் இல்லை ஞாயிற்றுக்கிழமையும் இல்லை என்பதால் இரண்டு பக்கமும் தலையிடவில்லை. கால்நடை டாக்டரம்மா வந்து, ஸ்டெதாஸ்கோப்பைப் பையின் நாலு பக்கமும் வைத்து, "துடிப்பு நல்லா இருக்கு. ஆனா என்ன மிருகம்னு இந்த ஃபாரத்துல கேக்குறாங்களே" என்று பேனாவைக் கடித்துவிட்டு, கடைசியில், 'நோய் இல்லை, மேயாது, முட்டாது' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பழகாதவர் ஒருவர் உண்டு. மேனேஜர் ரகோத்தமன். பைகள் மூச்சு விடுவதில் அவருக்கும் ஆட்சேபணை இல்லை, துறைமுகத்தில் இருந்து ஒரு குமாஸ்தா போன் பண்ணி, "அனுப்புறது சரக்கா, கால்நடையா? சரக்குன்னா ஒரு தாள், கால்நடைன்னா பதினேழு தாள்" என்று சொன்னதில்தான் அவர் ஆடிப்போனார். நேராக அஞ்சுகத்தின் மேசைக்கு வந்தார்.

"இந்தாம்மா அஞ்சுகம், ஒண்ணும் பெருசா பண்ண வேணாம். ஒவ்வொரு பையிலயும் அடிமூலையில ஒரு ஊசிமுனை இடம் மூடாம விட்டுடு. பழைய மாதிரி ஆயிடும்."

"பழைய மாதிரின்னா?"

"சும்மா பை மாதிரி."

"செத்துடும்னு சொல்லுங்க சார், ஏன் சுத்தி வளைக்கறீங்க? சரி, இடம் விடறேன். நாளன்னிக்கு செக்கர் வந்து அந்த ஊசிமுனையில அம்பு ஒட்டுனா?"

ரகோத்தமன் மின்விசிறியைப் பார்த்தார்.

"இடம் விட்டா ரிஜெக்ட். விடலன்னா உயிர். ரெண்டுலயும் தப்பு என் கையோடதா? நல்லா செஞ்சா அதுக்கு ஒரு தண்டனை, கெடுத்து செஞ்சா அதுக்கு ஒரு தண்டனை, அப்போ சரின்றது எந்த இடத்துல சார் இருக்குது, அதையாவது சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டுங்க, அங்க நின்னுக்கறேன்."

"வாய் மட்டும் நல்லா வளத்து வெச்சிருக்க."

"கையும்தான் சார்" என்று தவுலத் பீ பசைக் கிண்ணத்துக்குள் பார்த்தபடி சொன்னாள். மேசை மேசையாகச் சிரிப்பு ஓடியது. அஞ்சுகம் இடம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை செக்கர் வந்தார். பெயர் வில்பிரட். சென்னையில் இருந்து வருவார், வெள்ளைக் கையுறை போடுவார், சட்டைப்பையில் தாள் நிறையச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வைத்திருப்பார். குறை எங்கே கண்டாலும் ஒன்றை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார், வாயைத் திறந்து காரணம் சொல்லமாட்டார். பழைய நாற்பதைப் பார்த்து முடித்து நாற்பத்தொன்றைத் தொட்டபோது, பை அவர் கையுறையை முகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன் தாளை எடுத்தார். அதில் நாற்பத்திரண்டு கேள்விகள். தையல் நேரா? நேர். சாயம் கையில் ஒட்டுகிறதா? இல்லை. வார் இரண்டும் ஒரே நீளமா? பை அசையாமல் நின்றுகொடுத்ததால் அளக்க வசதியாகவே இருந்தது. ஓரத்தில் பிரிவு, குமிழ், மேடு உண்டா? கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் ஒரு சுற்று வந்தார், இன்னொரு சுற்று வந்தார், நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்றாவதும் வந்தார்.

"இது உயிரோட இருக்கே" என்றார், முதல்முறையாக வாயைத் திறந்து.

"உங்க நாப்பத்திரண்டு கேள்வியில அது எத்தனாவது சார்?" என்றாள் அஞ்சுகம்.

அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்படியொரு கேள்வி இல்லை. நியாயமான மனிதர்தான், இல்லாத கேள்விக்கு அம்பு ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஐம்பது, எழுபது, தொண்ணூறு, தொண்ணூற்றேழு. அதைத் தாண்டும்போது தவுலத் பீ துப்பட்டா முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தொண்ணூற்றொன்பதும் தேறியது.

நூறாவது பையைத் தன்முன் வைத்துவிட்டு, வில்பிரட் பெட்டியைத் திறந்து பிளேடை எடுத்தார்.

இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், தெரிந்திருந்தும் அந்தப் பத்து நாளில் ஒருத்தருக்கும் நினைவு வராத வழக்கம். ஒவ்வொரு நூறிலும் கடைசிப் பையை அடியில் கிழித்து உள்ளே அடுக்குகளை எண்ணுவார்கள். மூன்று அடுக்கு என்று சீட்டில் போட்டு இரண்டு அடுக்கில் பை அனுப்பிய கம்பெனிகள் இருக்கின்றனவாம், அவர்களால் வந்த வழக்கம். நூறாவது கிழிபடாமல் நூறும் தேறியதாகாது. பிளேடில் வெளிச்சம் பட்டது, ஜன்னலோரத்தில் மற்ற ஐம்பத்தொன்பது பைகளுக்கும் ஒரே நேரத்தில் மயிர்க்கால் குத்திட்டது, தைத்துக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்பது பெண்கள் எழுந்து நின்றார்கள். ரகோத்தமன் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்.

பைக்கும் வேலைக்கும் நடுவில் நிறுத்தப்பட்ட ஒருத்தி அழுவாள் என்றோ, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவாள் என்றோ எதிர்பார்க்கிறவர்களுக்கு அஞ்சுகத்தைத் தெரியாது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எதுக்கு சார் வெட்டணும்?"

"மூணு அடுக்கு இருக்கான்னு பாக்கணும்மா. ரூல்."

"பாக்கணுமா, வெட்டணுமா? ரெண்டும் வேற வேற. எழுதியிருக்கறத படிங்க."

வில்பிரட் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்: "நூறில் ஒன்றில் அடுக்குகளைக் கண்ணால் கண்டு எண்ண வேண்டும்." வெட்ட வேண்டும் என்ற சொல் எங்கேயும் இல்லை. வேறு வழி தெரியாததால் எல்லாரும் வெட்டிவந்திருக்கிறார்கள், இருபது வருடமாக, கேட்க ஆள் இல்லாமல்.

"வாணியம்பாடி சந்தையில மாட்டுக்கு வயசு பாக்கறாங்க. தலைய வெட்டியா பாக்கறாங்க? வாயத் தொறந்து பல்ல எண்றாங்க. நவுருங்க."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை எச்சிலில் தொட்டாள். தொடங்கிய இடம் விரலுக்கும் தெரியாமல் போயிருந்தது என்று சொன்னேன் இல்லையா? அது உண்மைதான், ஆனால் பைக்குத் தெரிந்திருந்தது. அவள் கை ஓரத்தின்மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் அடிமூலையில் ஓரிடம் மெல்லத் துடித்துக் காட்ட, அங்கே நிறுத்தி, தாடைக்குக் கீழே கன்றுக்குட்டியைச் சொறிவதுபோலச் சொறிந்து, "ஆ காட்டு கண்ணு, ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றாள்.

பை கொட்டாவி விட்டது.

அடி ஓரம் ஒரு சாண் நீளத்துக்குச் சோம்பலாக விரிந்தது. துளிகூடக் கிழியாமல், நூல்கூட அறுபடாமல், ஈரப் பசையும் புது வைக்கோலும் கலந்த வாசனை மேசைக்கு மேல் எழுந்தது. உள்ளே கருத்த எருமை, வெளிறிய செம்மறி, இளஞ்சிவப்பாக வெள்ளாடு. வில்பிரட் குனிந்து, பிளேடை வைத்திருந்த கையின் விரலாலேயே எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"நல்லா எண்ணிக்கோங்க சார். இன்னொரு தடவ அது வாயத் தொறக்காது."

"மூணுதான்மா" என்று சொல்லி பிளேடைப் பெட்டிக்குள் போட்டார். பை வாயை மூடிக்கொள்ள, அஞ்சுகம் கட்டைவிரலால் ஒரே ஒரு தேய்ப்புத் தேய்க்க, அது அவள் மடியிலேயே தூங்கிப்போனது. 'மூன்று அடுக்கு, கண்ணால் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய வில்பிரட், அம்புத் தாளை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போனார். அல்லது விட்டுவிட்டுப் போனார். நியாயமான மனிதர் என்று முன்பே சொன்னேன்.

பைகள் பதினேழு தாளோடும் டாக்டரம்மாவின் முத்திரையோடும் துளை போட்ட பெட்டிகளில் கப்பல் ஏறின. அங்கே வாங்கியவர்களிடம் இருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி: மழையில் நனையவிடலாமா? விடலாம், ஆனால் துவட்டிவிட வேண்டும் என்று பேக்கிங் பெண்கள் பதில் சொல்லி அனுப்பினார்கள். இன்னும் முந்நூறு பை கேட்டு ஆர்டர் வந்தது.

அதற்குப் பிறகுதான் ரகோத்தமன் அஞ்சுகத்தின் நிரந்தர உத்தரவோடு இறங்கி வந்தார். லட்டு வாங்கி வைத்திருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அஞ்சுகம் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, நாலு பக்கமும் கட்டைவிரலை ஓட்டி, பிறகு எழுத்தைப் படித்தாள். மேசைமேல் இருந்த அம்புத் தாளில் ஒன்றை உரித்து, ஏழாவது வரியில் ஒட்டி, உத்தரவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது?"

"'ஒரு வருடம் சோதனைக் காலத்துக்கு உட்பட்டு'ன்னு போட்டிருக்குது. பதினோரு வருஷம் சோதிச்சது போதாதா? அந்த இடத்துல பிரியுது சார். ரிஜெக்ட்."

ரகோத்தமன் எதையோ சொல்ல வாயெடுத்தார். நாற்பது தையல் இயந்திரங்களும் ஓடாமல் இருப்பது காதில் விழுந்தது, முந்நூறு பை நினைவில் வந்தது, மாடி ஏறினார். நாலு மணிக்குப் புதுத் தாளோடு இறங்கினார். ஏழாவது வரி இல்லை. அஞ்சுகம் மறுபடியும் நாலு பக்கமும் விரலை ஓட்டினாள், மறுபடியும் படித்தாள், மறுபடியும் ஓர் அம்பை உரித்தாள். இந்த முறை தன் பெயருக்கு நேராக ஒட்டினாள்.

"உன் பேர்தானேம்மா! எழுத்துப் பிழைகூட இல்லையே!"

"மூணு அடுக்குன்னு கையெழுத்து வாங்கினீங்களே சார், பேரு ஒண்ணுதான் இருக்குது. வெட்டுனது பவுனம்மா, ஒட்டுனது தவுலத் பீ. நான் மூடுனேன், அவ்ளோதான். மூடுறதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னா நான் எத சார் மூடியிருப்பேன்?"

பவுனம்மா கத்தியைக் கீழே வைத்தாள். தவுலத் பீ பசைக் கிண்ணத்தை மூடினாள். ரகோத்தமன் தாளைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், அஞ்சுகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு தடவ ஏறி இறங்க வெக்காதம்மா."

"நல்லா பண்ணிக் கொண்டாங்க சார், ஏன் வெக்கறேன்?" என்று சொன்ன அஞ்சுகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புது ஆர்டரின் முதல் பையை மடியில் எடுத்துக்கொண்டு, சிவப்பு அம்புத் தாளைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். "தாள்ல இன்னும் நெறைய மிச்சம் இருக்குது."